சுண்ணாம்பு முதல் எமல்ஷன் வரை: நம் சுவர்களின் கதை



மழை ஓய்ந்து தை பிறக்கப் போகிறது. பல வீடுகளில் பெயிண்ட் பேச்சு தொடங்கிவிட்டது. "மேட் ஃபினிஷா, சாட்டினா, கிளாஸா சார்?" என்று பெயிண்டர் கேட்டால், நம்மில் பலர் நிற அட்டையைக் காட்டிவிட்டு, "ஏதோ நல்லதா அடிச்சிடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

சுண்ணாம்புக் காலம்

நம் தாத்தா பாட்டிக்கு இந்தக் குழப்பமே இருந்ததில்லை. பொங்கலுக்கு முன் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து மட்டையால் அடிப்பார்கள். அந்தப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடும். அதில் நுண்துளைகள் உண்டு. எனவே சுவரின் ஈரம் வெளியேற வழி இருந்தது. காரத்தன்மை இருந்ததால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும், அடிக்கடி அடிக்க வேண்டும் என்பவைதான் குறைகள்.

பளபளப்பு கேட்டவர்களுக்கும் அன்று வழி இருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் மென்மையாக அரைத்த சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றினார்கள். சென்னையில் ஆங்கிலேயர் கட்டிய கட்டடங்களிலும் கிளிஞ்சல் சுண்ணாம்பால் செய்த இத்தகைய பூச்சு சலவைக்கல்லைப் போல மின்னியது. ஆனால் அதற்குக் கூலி அதிகம். சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

டிஸ்டெம்பரும் எனாமலும்

பிறகு டிஸ்டெம்பர் வந்தது. சாக்குத்தூளுடன் பசை சேர்ந்த பூச்சு அது. விலை மலிவு, நிறங்களும் பல. ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்துக்காக ஆர்.கே. லட்சுமண் 1954இல் வரைந்த 'கட்டூ' பையன், கையில் வாளியும் பிரஷ்ஷுமாக இந்தியா முழுவதும் அறிமுகமானான்.

கதவு, ஜன்னல் கம்பிகளுக்கு எண்ணெய் கலந்த எனாமல். இங்கேதான் 'ஃபினிஷ்' என்பதன் சூட்சுமம் தெரியும். பெயிண்டில் நிறத்தூள் அதிகமாக, பிசின் குறைவாக இருந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிக்கும், அது மேட். பிசின் அதிகமானால் மேற்பரப்பு வழவழப்பாகி மின்னும்; அது கிளாஸ். சாட்டின் இரண்டுக்கும் நடுவே. வழவழப்பில் அழுக்கு எளிதில் துடைபடும். ஆனால் பூச்சிலுள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் கண்ணில் படும்.

அந்தப் பழைய பெயிண்டுகளில் ஓர் ஆபத்தும் இருந்தது: ஈயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இலேயே, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளையைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்கா 1978இல் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தைத் தடை செய்தது. நம் நாட்டில் 90 பிபிஎம் என்ற உச்சவரம்பு 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நம் குடியிருப்பு அதற்கு வெகு முன்பே கட்டியது.

போன முறை எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளை உப்புத்தாளால் உலரத் தேய்த்தபோது தூள் கூடமெங்கும் பறந்தது. என் பேத்தி அப்போது கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்று பிறகுதான் படித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

எமல்ஷன் காலம்

இரண்டாம் உலகப் போரையொட்டி நடந்த செயற்கை ரப்பர் ஆராய்ச்சியின் பயனாக, 1948இல் அமெரிக்காவில் தண்ணீரில் கரைக்கும் லேடக்ஸ் பெயிண்ட் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் அடிக்கும் எமல்ஷன் அந்த வழி வந்ததுதான். வாடை குறைவு, சீக்கிரம் காயும், மேட் முதல் பளபளப்பு வரை எல்லா ஃபினிஷிலும் கிடைக்கும்.

இனி நம் வீட்டுக்கு

* கூரைக்கு மேட். ஒட்டுவேலை தெரியாது.
* கூடம், படுக்கையறைக்கு மேட் அல்லது மெல்லிய மினுமினுப்பு.
* பிள்ளைகள் அறை, நடைவழிக்கு சாட்டின். ஈரத்துணியால் துடைக்கலாம்.
* சமையலறை, குளியலறைக்கு செமி கிளாஸ்.
* கதவு, கம்பிகளுக்கு எனாமல். டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பைப் பாருங்கள்.

பழைய சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் மேல் அப்படியே எமல்ஷன் அடித்தால் உரியும். சுரண்டிக் கழுவி, பிரைமர் அடித்த பிறகே அடிக்க வேண்டும். ஈரச் சுவரில் முதலில் கசிவை அடையுங்கள். குளியலறையை ஒட்டிய சுவரில் ஈரத்தை மறைக்க நான் கிளாஸ் அடித்தேன். அடுத்த மழைக்கே கொப்புளம் போட்டது. சுண்ணாம்பு வெளியே விட்ட ஈரத்தை இது உள்ளேயே பூட்டிவிட்டது.

பழைய எனாமலைத் தேய்ப்பதானால் தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்கட்டும். தேய்க்கும் தொழிலாளிக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது நம் பொறுப்பு. நிறத்தை அதற்குப் பிறகு நிதானமாகத் தேர்வு செய்யலாம்.