வேலியோரத்துக் கண்வலிக்கிழங்கு

நம்ம மாநிலப் பூ செங்காந்தள்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. மூலனூர் பக்கம் வந்து செங்காந்தள் எங்கேன்னு கேட்டா பாதிப் பேருக்குப் புரியாது. கண்வலிக்கிழங்குன்னு கேளுங்க, காட்டுக்கே கூட்டிட்டுப் போவாங்க. பூவை உத்துப் பாத்தா கண்ணு வலிக்கும்னு அந்தக் காலத்துல ஒரு பயம், அதுல வந்த பேரு. கிழங்கு ஏர் மாதிரி கவட்டையா இருக்கறதால கலப்பைக் கிழங்குன்னும் சொல்றதுண்டு.

இது பழைய பூவுங்க. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் அடுக்குற பூக்கள்ல முதல்ல வர்றதே இதுதான். மலைக்காட்டுப் புதர்ல வேர் நிழல்லயும் தலை வெயில்லயுமா வளர்ற கொடி. நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ஊர்ல இதுக்கு இடம் கிளுவை வேலிதான். இலை நுனியே சுருண்டு முள்ளைப் பிடிச்சு ஏறும். கார்த்திகையில வேலியே தீப்பிடிச்ச மாதிரி தெரியும். கோடையில கொடி காய்ஞ்சிரும், கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கும், ஆடி மழைக்கு மறுபடி முளைக்கும். கிழங்குல கடும் விஷம். அதனால ஆடு மேய்க்கறவங்க இதைக் கண்டாலே கோலைத் தூக்குவாங்க.

அந்த விஷம்தான் பிற்பாடு பணமாச்சு. 1820-ல பெல்லட்டியே, கவாந்தூன்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க கோல்ச்சிகம்ங்கற ஐரோப்பியச் செடியில இருந்து ஒரு மருந்துச் சரக்கைப் பிரிச்சாங்க. அதுதான் கோல்ச்சிசின். மூட்டு வீங்கற கவுட் நோய்க்கு இன்னைக்கும் அதைத்தான் குடுக்கறாங்க. நம்ம வேலிக் கொடியோட விதையிலயும் அதே சரக்கு இருக்குதுன்னு தெரிஞ்சப்புறம் கொடி வேலியை விட்டுக் காட்டுக்குள்ள வந்துருச்சு. இப்ப கம்பிப் பந்தல்தான். முளை கவட்டையோட நுனியில மட்டும்தான் இருக்கும். நடும்போது நுனி ஒடிஞ்சா அந்தக் கிழங்கு போச்சு. நல்லா வந்தா ஏக்கருக்கு நூறு கிலோ விதை.

எங்க தாராபுரம் வட்டத்தை ஈரோட்டுல இருந்து பிரிச்சுப் புதுத் திருப்பூர் மாவட்டத்துல சேத்தது 2009-ல. அதே வருசம் அமெரிக்காவுல ஒரு கம்பெனி கோல்ச்சிசினுக்குத் தனி உரிமை வாங்குச்சு. 9 சென்ட்டுக்கு வித்த மாத்திரை 5 டாலர் பக்கம் போயிருச்சு. இங்க விதைக்கு விலை? வியாபாரி சொல்றதுதான். பருத்திக்கு மூலனூர் விற்பனைக்கூடத்துல ஏலம் உண்டு, நாலு பேர் கேப்பாங்க. இதுக்கு ஒரு வருசம் ஏறும், மறு வருசம் பாதியாகும், ஏன்னு கேட்டா வெளிநாட்டு ஆர்டர் இல்லீங்கன்னு ஒரே பதில்.

இன்னொரு சிக்கல், ஆள். இந்தப் பூவுல சூல்தண்டு பக்கவாட்டுல மடங்கி நிக்கும், தன் மகரந்தம் தன்மேல விழாது. பட்டாம்பூச்சியை நம்புனா காய் கம்மி. காலையில வெயில் ஏறறதுக்குள்ள ஒவ்வொரு பூவா மகரந்தத்தைத் தொட்டு வெக்கணும். அந்த நேரத்துலதான் பனியன் கம்பெனி வேன் ஊருக்குள்ள வந்து ஆரன் அடிக்குது. சின்ன வயசுக்காரங்க அதுல ஏறிருவாங்க, வாரச்சம்பளம், நிழல்ல வேலை, தப்பு சொல்ல முடியாது. காட்டுல பூத் தொடறது அறுவது தாண்டுன அம்மாக்கள்தான். கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒரு காலைக்கு ரெண்டு வரிசை முடிப்பாங்க.