பன்னிரண்டு பூச்சியமா, ஒன்பதா?

1484. பிரான்சின் லியோன் நகரில் நிக்கோலா ஷூக்கே என்ற கணித அறிஞர் ஒரு கைப்பிரதியை எழுதி முடித்தார். பத்து இலட்சத்துக்கு மில்லியன் என்ற பெயர் இத்தாலியிலிருந்து எப்போதோ வந்துவிட்டது. அதைத் தாண்டினால்தான் தொல்லை. ஷூக்கே இலக்கங்களை ஆறு ஆறாகக் கட்டினார். மில்லியன் தடவை மில்லியன் என்றால் பில்லியன், ஒன்றுக்குப் பின்னால் 12 பூச்சியங்கள். அடுத்தது திரில்லியன். இப்படியே மேலே ஏறிக்கொண்டு போனவர், எழுத்து அச்சேறுமுன் இறந்துபோனார்.

கைப்பிரதி லா ரோஷ் என்பவர் கைக்குப் போனது. 1520இல் அவர் அச்சிட்ட கணக்குப் புத்தகத்தில் ஷூக்கேயின் பெயர் போகிறபோக்கில் வந்தது. சரக்கோ பக்கம் பக்கமாக வந்தது. மூலப்பிரதி 1880இல் அச்சான பிறகுதான் உலகத்துக்கு உண்மை தெரிந்தது. அதற்குள் பில்லியனுக்கு வேறொரு விபத்து நேர்ந்துவிட்டது.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இலக்கங்களை மும்மூன்றாகப் பிரிக்கத் தொடங்கினர். பெயர் அப்படியே இருக்க, பில்லியன் 9 பூச்சியங்களாக இளைத்தது. அமெரிக்கா இளைத்ததை எடுத்துக்கொண்டது. பிரித்தானியா பழையதை விடவில்லை. ஒரே ஆங்கிலச் சொல், அத்திலாந்திக்கின் இரு கரைகளிலும் ஆயிரம் மடங்கு வித்தியாசம்! குழப்பத்தைத் தொடங்கிவைத்த பிரான்சோ 1961இல் சத்தமில்லாமல் பழைய 12க்கே திரும்பியது. இனி விட்டுக்கொடுக்க வேண்டியது யார்?

1974 டிசம்பர் 20. பிரித்தானிய அமைச்சர்கள் 12 பூச்சியப் பொருளிலேயே பேசுவார்களா என்று பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுத்தில் கேட்டார். உலகம் 9 பூச்சியத்துக்குப் போய்விட்டது, வேறு பொருளில் பேசினால் குழப்பம்தான் என்று பிரதமர் ஹரோல்ட் வில்சன் மறுத்துவிட்டார். ஐந்நூறு வருட வழக்கு இரண்டே வரியில் முடிந்தது.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தபோது, மாவனல்லை போன்ற ஊர்களிலும் எல்லார் வாயிலும் அந்தச் சொல்தான்: 51 பில்லியன் டொலர். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு வருடக்கணக்கில் போராடிய தோட்டத் தொழிலாளர்களுக்கு அதுவே கண்ணைக் கட்டும் தொகை. அந்தப் பில்லியனை ஷூக்கேயின் கணக்கில் படித்தால், அந்தக் கடன் உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் உழைத்துச் சேர்ப்பதில் ஏறக்குறைய பாதி.