வரலாறு படிக்க வந்தவர்கள்

இளங்கலை வரலாற்று மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்தும் பணி பல ஆண்டுகளாக நமக்கு வாய்த்திருக்கிறது. முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி ஊரும் பேரும் கேட்டபின், ‘வரலாறு ஏன் எடுத்தீர்கள்?’ என்று கேட்பது நம் வழக்கம். பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். “இதுதான் கெடச்சுது ஐயா.” வணிகவியல் கேட்டவரும் கணினி அறிவியல் கேட்டவரும் இடம் நிரம்பிவிட்டதால் இங்கே ஒதுங்கியவர்கள். குரூப் தேர்வுக்கு உதவும் என்று அண்ணன் சொன்னதால் வந்தவர்கள் சிலர். வரலாறு பிடிக்கும் என்று சொல்லும் பிள்ளை வகுப்புக்கு ஒருவர் இருந்தால் பெரிது. அப்படிச் சொல்பவரை மற்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இவர்களில் கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து வருவோர் எப்போதும் உண்டு. விடியற்காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, ஆலங்குடி, திருவரங்குளம் வழியாகப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்து சேர்வார்கள். பலர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்கள் படிக்கும் வரலாற்றுக்கும் அவர்கள் நடந்து வரும் மண்ணுக்கும் உள்ள தூரம் பற்றியது என்றும் கொள்ளலாம்.

அந்தத் தூரத்தை நாமும் அறிவோம். தொண்ணூறுகளின் இறுதியில் நாம் இளங்கலைத் தமிழ் படித்தபோது, தமிழக வரலாறும் பண்பாடும் சார்புப் பாடமாக இருந்தது. கே. கே. பிள்ளை எழுதி 1972இல் வெளிவந்த ‘தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்’ பார்வை நூல். நூலகத்தில் இருந்த படியைச் சீனியர் ஒருவர் எடுத்துச் சென்று திருப்பவே இல்லை. எனவே எல்லோரையும் போலக் கடைத்தெருவில் கைடு வாங்கினோம். ‘மகேந்திரவர்மனின் கலைப்பணிகளை விவரி’ என்ற வினாவுக்கு அதில் இரண்டு பக்கம் விடை இருந்தது. அதில் ஒரு வரி, சித்தன்னவாசல் ஓவியங்கள் அம்மன்னன் காலத்தவை என்றது. நாமும் அப்படியே எழுதி மதிப்பெண் பெற்றோம்.

நாம் ஆசிரியராகிச் சில ஆண்டுகள் கழித்து வரலாற்றுத் துறையினர் மாணவர்களைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்றபோது, துணைக்கு நாமும் போனோம். புதுக்கோட்டையிலிருந்து அரை மணி நேரப் பயணம். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குமுன் அங்கு வந்ததில்லை. ஏழடிப்பட்டத்தின் சமணப் படுக்கைகளைப் பார்த்துவிட்டுக் குடைவரைக்கு இறங்கினோம். விதானத்தில் தாமரைக்குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். மங்கிப் போயிருந்தாலும் பிள்ளைகள் ஓசையற்று நின்றார்கள். வெளியே வந்ததும் பாறையில் பொறித்த கல்வெட்டை வரலாற்றுப் பேராசிரியர் காட்டினார். தமிழ்ச் செய்யுள் நடையில் அமைந்தது அது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர், அவனிபசேகரன் ஸ்ரீவல்லவன் காலத்தில் இக்கோயிலின் அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபம் எடுப்பித்த செய்தியைச் சொல்வது. அந்த ஸ்ரீவல்லவன் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்று ஆய்வாளர்கள் இனங்கண்டிருக்கிறார்கள். குடைவரை அதற்கு முந்தையதாக இருக்கலாம். ஆனால் இன்று நாம் காணும் ஓவியங்களுக்கு மகேந்திரவர்மனை உரிமையாளனாக்குவது, இக்கல்வெட்டு வாசிக்கப்படுவதற்கு முன் அறிஞர்கள் கொண்டிருந்த கருத்து. வாசிக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆனபின்னும் கைடு அதை மாற்றிக்கொள்ளவில்லை.

கறம்பக்குடிப் பக்கத்து மாணவி ஒருவர் கேட்டார்: “அப்ப பரீச்சையில எதை எழுதுறது சார்?”

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. சற்று யோசித்து, ‘இரண்டையும் எழுது, இரண்டாவதை ஏன் நம்புகிறாய் என்றும் எழுது’ என்றார். விடைத்தாள் திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும், அதில் ஒன்றுதான் இருக்கும் என்பது அவருக்கும் தெரியும், அந்த மாணவிக்கும் தெரியும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஐந்து மதிப்பெண் என்பது சிறிய தொகையல்ல. அவர் எதை எழுதினார் என்று பின்னர் நாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு வரலாற்று நூல் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே, மன்னர் கல்லூரி முதல்வர் எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916இல் புதுக்கோட்டையின் பொது வரலாற்றை எழுதினார். 1929இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்கள் ஒரே தொகுதியாக அச்சாயின. 1938இல் தொடங்கி 1944 வரை கே. ஆர். வெங்கட்ராம ஐயர் தொகுத்த சமஸ்தான மேனுவல் வெளிவந்தது. சமஸ்தானம் 1948இல் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாகி, 1974இல் தனி மாவட்டமான பின்னரும் ஆய்வு நிற்கவில்லை. அமெரிக்கரான நிக்கோலஸ் டர்க்ஸ் இச்சிறு அரசை வைத்தே இனவரைவியல் வரலாறு ஒன்றை எழுதி 1987இல் வெளியிட்டார். உலகின் பல பல்கலைக்கழகங்களில் அந்நூலைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

இவற்றில் கல்வெட்டுப் பாடத் தொகுதி நீங்கலாக மற்றவை ஆங்கிலம். தமிழ்வழியில் படிக்கும் நம் மாணவர் தம் மாவட்டத்தின் வரலாற்றை வாசிக்க முடியாது. சிகாகோவில் இருப்பவர் வாசிக்கலாம். நீலகண்ட சாஸ்திரியார் 1930களில் ஆங்கிலத்தில் எழுதிய ‘சோழர்கள்’ தமிழில் முழுமையாகக் கைக்கு வர எண்பதுகளின் இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது என்பதை நினைத்தால், மாவட்ட வரலாற்றுக்காக யாரை நோவது?

ராதாகிருஷ்ண ஐயரின் நூலிலும் மேனுவலிலும் பேசப்படும் ஒரு மரபுச் செய்தி உண்டு. தொண்டைமான்களின் முன்னோர் வடக்கே தொண்டை மண்டலத்திலிருந்து வந்து கறம்பக்குடியிலும் அம்புக்கோயிலிலும் குடியமர்ந்தனர் என்பது அது. பின்னரே, 17ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில், கிழவன் சேதுபதியின் ஆதரவோடு ரகுநாதராயத் தொண்டைமான் புதுக்கோட்டைக்கு உரியவரானார். ஒருமுறை இதை வகுப்பில் சொன்னோம். கறம்பக்குடிப் பிள்ளைகள் நால்வரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாண்டுப் பாடத்தில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது, மெய்ஜி மீட்சி வந்தது, முகலாயர் வந்தார்கள்; தம் ஊர் வந்தது அன்று ஒருநாள்தான். அதுவும் தமிழ் வகுப்பில், பாடத்திட்டத்துக்கு வெளியே.

நமக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அது ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை.

அடுத்த வாரம் அவர்களில் ஒருவர் சாதிச் சங்க வெளியீடு ஒன்றைக் கொண்டு வந்தார். வழவழப்பான அட்டை, உள்ளே வாளேந்திய படங்கள். தொண்டைமான்கள் இந்திரன் வழிவந்தோர் என்றும், ஆகவே தாமும் அவ்வழியினர் என்றும் அதில் இருந்தது. ‘இதையும் வகுப்பில் சொல்லுங்கள் ஐயா’ என்றார். பின்வரிசையில் இருந்த சிலர் முகம் சுருங்கியதைக் கவனித்தோம். ஊர்ப் பெயரைச் சொல்லி நாம் திறந்த கதவு வழியாக என்ன உள்ளே வரும் என்று நாம் யோசிக்கவே இல்லை. உள்ளூர் வரலாறு வேண்டும் என்று மேடைதோறும் முழங்குவோர் (நாமும் முழங்கியிருக்கிறோம்) இந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். பாடத்திட்டம் காலியாக விட்ட இடத்தில் சாதிச் சங்கம் புத்தகம் போட்டு வைத்திருக்கிறது. அதுவும் நல்ல தமிழில், குறைந்த விலையில்.

நூலை வாங்கிப் படித்துவிட்டு வரலாற்றுப் பேராசிரியரிடம் கொடுத்தோம். அவர் கோபிக்கவில்லை, கேலியும் செய்யவில்லை. அந்த மாணவரிடம், ‘உங்கள் பாட்டியிடம் அம்மன் காசு இருக்குமா பார்’ என்றார். சமஸ்தானத்தின் சொந்த நாணயம் அது. நவராத்திரி நாட்களில் அரண்மனையிலிருந்து வழங்கப்பட்டது. சிறிய, கனத்த செப்புக் காசு. பழைய குடும்பங்களில் இன்னும் சில்லறையோடு சில்லறையாகக் கிடக்கும். மாணவர் கொண்டு வந்தார். ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபுறம் எழுத்து. மேசையைச் சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவராலும் அதை வாசிக்க முடியவில்லை.

அது தெலுங்கு. ‘விஜய’ என்று பொறித்திருக்கிறது.

“நம்ம ராசா காசுல ஏன் சார் தெலுங்கு?” என்றார் அந்த மாணவர். பேராசிரியர் காத்திருந்தது இந்தக் கேள்விக்காகத்தான். நாயக்கர் காலத்துக்குப் பின் இப்பகுதிச் சிற்றரசுகளின் அவைகளில் தெலுங்குக்கு இருந்த மதிப்பைச் சொன்னார். இந்திரன் வழி என்ற செய்தி வரும் ‘தொண்டைமான் வம்சாவளி’யே 18ஆம் நூற்றாண்டில் அவைப்புலவர் தெலுங்கில் பாடியது என்றார். புலவர் ஏன் அப்படிப் பாடினார், யார் கேட்டுப் பாடினார், பாடியதால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று ஒவ்வொன்றாக மாணவர் வாயாலேயே சொல்ல வைத்தார். ஒரு மணி நேரத்தில் அந்த வெளியீடு மேசைமேல் கிடக்கும் மற்றுமொரு சான்றாகிவிட்டது: யார் எழுதியது, எப்போது, எதற்காக என்று கேட்கத்தக்க சான்று. மாணவர் அதை நம்புவதை அன்றே விட்டுவிட்டார் என்று சொல்லமாட்டோம். ஆனால் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போனார். இன்னும் நம் அலமாரியில் இருக்கிறது.

முகம் சுருங்கியவர்களின் கேள்வி வேறு. அவர்களில் ஒருவர், திருவரங்குளம் கோயிலுக்குக் கல்வெட்டு வாசிக்கப் போயிருந்தபோது நம்மிடம் தனியே கேட்டார். எழுத்துகளில் மாவு தடவி, ‘ஊர்’, ‘நிலம்’, ‘குளம்’ என்று ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துப் பிள்ளைகள் கூவிக்கொண்டிருந்த நேரம். “கொடுத்தவன் பேரு இருக்கு, வாங்கினவன் பேரு இருக்கு. எங்க ஆளுங்க பேரு எங்க ஐயா இருக்கு?”

நமக்கு உடனே விடை வரவில்லை. பிறகு, தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் கல்வெட்டுகளை வாசிக்கச் சொன்னோம். ஊர்தோறும் வரி நீக்கிய நிலங்களை வரிசையிடும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரும் பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. ஆள் பெயர் இல்லை. அளந்து கழிக்கப்பட்ட நிலமாக இருக்கிறார்கள். இத்தகைய கல்வெட்டுகளிலிருந்து சமூகத்தை வாசிக்கும் முறையை நமக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஜப்பானியரான நொபொரு கராஷிமா. திருச்சிப் பகுதியின் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே ஊர்களை எடுத்துக்கொண்டு, ஒன்றில் வேளாளரும் மற்றதில் பிராமணரும் நிலம் வைத்திருந்த விதம் எவ்வாறு வேறுபட்டது என்று 1960களிலேயே காட்டினார். மன்னனின் வெற்றிகளை விட்டுவிட்டு, நிலத்தின் எல்லைகளை எண்ணினார். அதையும் அம்மாணவருக்குச் சொன்னோம். ‘அப்ப நாங்க கணக்குல மட்டும் இருக்கோம்’ என்றார். இதைவிடச் சரியான வாக்கியத்தை நாம் எந்த ஆய்வேட்டிலும் படித்ததில்லை. இன்று அவர் முதுகலை வரலாறு முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அங்கே கேட்கப்படுவது ராஜராஜனின் பட்டப்பெயர்கள்.

திருவரங்குளத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை பொற்பனைக்கோட்டை. கறம்பக்குடிப் பேருந்து தினமும் அந்தப் பக்கமாகத்தான் போய் வருகிறது. அங்கே தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகல் கிடைத்தது. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. செங்கல் கட்டுமானமும் தங்க மூக்குத்தியும் கார்னீலியன் மணியும் வெளிப்பட்டன. செய்தி தொலைக்காட்சியில் வந்த மறுநாள் வகுப்பில் பெருமிதம் பொங்கியது. ‘எங்க பஸ்சு ரூட்டு ஐயா’ என்றார்கள். தங்கத்தைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். கருப்பு-சிவப்புப் பானை ஓட்டைப் பற்றி ஒரே ஒருவர் கேட்டார். அந்த ஒருவர் போதும் என்று பேராசிரியர் சொல்லிக்கொண்டார்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை கடந்தது. கறம்பக்குடி, ஆலங்குடிப் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பிள்ளைகள் திரும்பி வந்தபோது யாரிடமும் நோட்டு இல்லை. சிலரிடம் வீடே இல்லை. சிலர் வரவேயில்லை, திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். வந்தவர்களிடம் வரலாற்றுப் பேராசிரியர் பாடம் நடத்தவில்லை. அவரவர் ஊரில் அந்த இரவு என்ன நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னார். யாரிடம் கேட்டீர்கள், அவர் அப்போது எங்கே இருந்தார், எதைக் கண்ணால் கண்டார், எதைப் பிறர் சொல்லக் கேட்டார் என்று பிரித்து எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மொழி திருத்தித் தரும்படி தாள்கள் நம்மிடம் வந்தன. நாம் ஏறக்குறைய எதையும் திருத்தவில்லை.

அவற்றில் ஒன்று, சித்தன்னவாசலில் கேள்வி கேட்ட மாணவியின் தங்கை எழுதியது. வரலாறு வேண்டும் என்று கேட்டுச் சேர்ந்தவர் இவர். தம் அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறார். கிழவி கஜாவைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் பேசவில்லை. ‘இதென்ன புயலு, அம்பத்திரண்டுல அடிச்சுதே அது புயலு, அப்ப நான் கைப்புள்ள’ என்று தொடங்கி நான்கு பக்கம் போயிருக்கிறது. கைப்பிள்ளைக்கு எப்படி நினைவிருக்கும் என்று பேத்திக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘1952 நவம்பர் 30 புயல். சரிபார்த்தேன். ஆதார் அட்டையில் அப்பத்தா பிறந்தது 1946. ஒன்று அட்டை தப்பு அல்லது அப்பத்தா தப்பு. அப்பத்தாவின் அம்மா சொன்னதை அப்பத்தா தான் பார்த்ததாகச் சொல்லுதா என்று மறுபடி கேட்க வேண்டும்.’