மந்திர முறைமை (கணினி விளையாட்டு)

பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளில் மந்திரத்தை எப்படிக் கற்பது, எதைச் செலவழித்தால் அது பலிக்கும், எங்கே பலிக்காது என்று வகுக்கும் விதித்தொகுதி. ஆடுபவரை விளையாட்டின் உலகில் ஒன்றவைப்பது மந்திரத்தின் வாணவேடிக்கையா, அது கேட்கும் உழைப்பா என்பது இத்துறையின் பழைய வழக்கு. தொடக்ககால வரலாறு பெரும்பாலும் உழைப்பின் பக்கமே நிற்கிறது.

தமிழரிடையே இதற்கு நெருங்கிய உறவு மட்டக்களப்பின் மகிடிக் கூத்து. மந்திரவாதிகள் இரு தரப்பாய் நின்று மோதுவதே அதன் கதை: ஒருவர் மந்திரத்தை ஏவ, மற்றவர் அதை வெட்டுவார். அங்குள்ள பாசிக்குடாவுக்குக் கடல் குளிக்கப் புறப்படுபவரைப் பார்த்து, “பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், கவனம்” என்று இன்றும் கேலி செய்வதுண்டு. மந்திரத்துக்கு இப்படிப் பேர்போன மண்ணில் பார்ப்பவருக்குக் ஏவல் எது, வெட்டு எது என்று முன்பே தெரியும். விதி தெரிந்தவருக்குத்தான் போட்டி சூடு பிடிக்கும்.

விளையாட்டு விதிகளாக மந்திரம் பரவியது 1974இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டால். எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து அது எடுத்துக்கொண்ட வழி கண்டிப்பானது. மந்திரத்தை மனனம் செய்ய வேண்டும். ஒருமுறை சொன்னதும் அது நினைவை விட்டு அகன்றுவிடும். 1981இன் கணினி விளையாட்டான ‘விசார்ட்ரி’யில் ‘ஹலிட்டோ’ போன்ற மந்திரப் பெயர்களை ஆடுபவரே எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட வேண்டியிருந்தது. உரு ஏற்றுவது என்று நம்மூரில் சொல்வதற்கு இது வெகு கிட்ட வருகிறது எனலாம்.

அதற்கும் மேலே போனது 1985இன் ‘அல்டிமா 4’. மூலிகைகளை முன்கூட்டியே கலந்து வைத்திருக்க வேண்டும். அவற்றுள் இரண்டு கடையில் கிடைக்கா; அந்த உலகின் இரு நிலவுகளும் மறைந்த வேளையில், உரிய இடத்தில் தேடியெடுக்க வேண்டும். அமாவாசைக்காகக் காத்திருக்கும் மந்திரவாதியை அறிந்தவருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 1987இன் ‘டஞ்சன் மாஸ்டர்’ குறியீடுகளை அடுக்கி மந்திரம் ஆக்கச் சொன்னது. சரியான அடுக்குத் தெரிந்தவர் விளையாட்டை மறுபடி தொடங்கினாலும் அதே அறிவோடுதான் தொடங்குவார். கற்றது பாத்திரமல்ல, ஆடுபவர்.

இதற்கு மாறாக, ‘டிராகன் குவெஸ்ட்’ (1986) வழிவந்த ஜப்பானிய விளையாட்டுகள் மந்திரத்தை ஓர் எண்ணாகச் சுருக்கின: பட்டியலில் தேர்ந்தால் புள்ளி குறையும், அவ்வளவுதான். ‘மாரோவிண்ட்’ (2002) ஆடுபவரைச் சொந்தமாக மந்திரம் புனைய விட்டது. அந்த வசதியை அதே வரிசையின் ‘ஸ்கைரிம்’ (2011) எடுத்துவிட்டது; இரசிகர் பலர் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

2002இன் ‘ஆர்க்ஸ் ஃபாட்டாலிஸ்’ தனிவழி. அதில் சுட்டியைப் பிடித்துக் காற்றில் உருவங்களை வரைய வேண்டும். சண்டை நடுவே கை பதறினால் கோடு கோணும், மந்திரம் பொய்க்கும். அதனால் அமைதியான நேரத்தில் மூன்று மந்திரங்கள் வரை முன்பே வரைந்து சேமித்துக்கொள்ள அது இடம் தந்தது. சொன்னதும் அவை தீர்ந்துபோகும்.