கைகளால் கடல் கடந்தவர்



மணிமேகலை வகுப்பில் சாதுவன் கதை வரும்போதெல்லாம் நான் சற்று நின்றுவிடுவதுண்டு. ஆதிரையின் கணவனாகிய அவன் சென்ற மரக்கலம் கடலிலே உடைகிறது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகிறான். உயிர் பிழைக்க நீந்தியவன் அவன். ஆனால், நீந்துவதற்கென்றே நடுக்கடலுக்குப் போனவர் யார்?

ஒருமுறை மாணவரிடம் இதைக் கேட்டேன். "ஆழிக்குமரன் ஆனந்தன்" என்றனர் பலர். பொது அறிவு நூல் படித்த ஒருவன் "மிஹிர் சென்" என்றான். தொண்டைமானாற்றிலிருந்து வரும் பையன் மட்டும் மெல்ல எழுந்து, "இல்லை சேர், அவர்களுக்கு முன்னரே எங்கள் ஊரவர் நீந்திவிட்டார்" என்றான்.

அவன் சொன்னதே சரி. செல்வச்சந்நிதி முருகன் கோயில் கொண்டிருக்கும் அந்த ஊரைச் சேர்ந்தவர் முருகுப்பிள்ளை நவரத்தினசாமி. 1954 மார்ச்சில் அயலூரான வல்வெட்டித்துறையிலிருந்து நீந்தத் தொடங்கி, 27 மணித்தியாலத்தில் தமிழகத்தின் கோடிக்கரையை அடைந்தார். பாக்கு நீரிணையை முதன்முதல் நீந்திக் கடந்தவர் அவரே.

27 மணித்தியாலம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தூரமோ 30 மைலுக்கு மேல். மணிக்கு ஒரு மைலுக்குச் சற்றே கூடிய வேகம். ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தும் கை ஓய முடியாது. உப்பு நீரில் நாக்கும் தொண்டையும் வீங்கும். தொட்டால் எரியும் இழுதுமீன்கள் வரும். இவற்றினும் பெரிது நீரோட்டம். அது நீந்துபவனைத் தன் வழிக்கே இழுக்கும். வாடையின் சீற்றம் தணிந்து, சோளகம் எழுமுன் வரும் சிறு இடைவெளியிலேதான் அந்தக் கடல் சற்று அடங்கிக் கிடக்கும். நவரத்தினசாமி இறங்கிய மார்ச் மாதம் அந்த இடைவெளிக்குரியது. அந்தக் காலக்கணக்கு நம் கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாய் அறிந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கக் கரையைத் தொட்டது. அத்தகைய மண்ணிலே ஒருவர் கப்பலும் வேண்டாம் என்று இறங்கியது வியப்பன்று.

மேலைநாட்டில் இவ்வரலாறு 1875இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஓகஸ்டில் கப்டன் மத்தியூ வெப் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் கடந்தார். முதன்முயற்சியில் தோற்று, பன்னிரண்டு நாள் கழித்து மீண்டும் இறங்கி வென்றவர் அவர். நேர்த்தூரம் 21 மைல்தான். நீரோட்டம் அவரை வளைத்து வளைத்து இழுத்ததனால் நீந்தியது ஏறத்தாழ இருமடங்கு. அடுத்தவர் வெல்ல 36 ஆண்டுகள் சென்றன. வெப்பின் பெயரை உலகம் மறக்கவில்லை.

நம்மவர் கதை வேறு. 1966 ஏப்ரலில் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணித்தியாலத்துக்குச் சற்று மேலான நேரத்தில் நீந்தினார். அவ்வாறு கடந்த முதல் இந்தியர் அவர். 'இந்தியர்' என்ற சொல் உதிர்ந்து, 'முதல்வர்' என்பது மட்டும் சில ஏடுகளில் நின்றுவிட்டது. 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் கோடிக்கரைக்குப் போய்த் திரும்பியும் நீந்தினார். 51 மணித்தியாலம்! ஆழிக்குமரன் என்ற பெயருக்கு முற்றும் உரியவர் அவர். 1984 ஓகஸ்டில், வெப் வென்ற அதே கால்வாயில் நீந்துகையில் அவர் உயிர் பிரிந்தது.

இவர்கள் புகழைக் குறைப்பது என் நோக்கமன்று. முன்னவர் பெயர் ஏன் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமற் போயிற்று என்பதே என் கேள்வி. போர்க்காலத்தில் வளர்ந்தவன் நான். அன்று கடல் எங்களுக்கு முட்கம்பிக்கு அப்பால் தெரியும் நீலக் கோடு. மீன்பிடிக்கப் போகவே தடையிருந்த கடலில் நீச்சலை யார் நினைப்பார்? கடலோடு சேர்ந்து கடல் கடந்தவரையும் மறந்தோம்.

2009இல் போர் ஓய்ந்தது. முட்கம்பிக்கு அப்பால் நான் பார்த்த கரையில் இன்று பிள்ளைகள் கால் நனைக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டிய முதற்பெயர் நவரத்தினசாமி. அன்று என் வகுப்பில் எழுந்து நின்ற பையன் அதைத் தன் பாட்டனிடம் கேட்டறிந்தானாம். பாட்டன்மார் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.