முகத்துக்கு ஏற்ற லென்சு

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெற்ற நாளன்று மாணவன் ஒருவன் அவரை மிக அருகில் நின்று படம் எடுத்தான். காமிராவில் இருந்தது 28 மி.மீ. லென்சு. படத்தைப் பார்த்த பேராசிரியர், "என் மூக்கு இவ்வளவு பெரிதா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவன் என்னிடம் வந்து, "ஆள் படம் எடுக்க 50 மி.மீ. லென்சு வாங்கட்டுமா, 85 வாங்கட்டுமா, சார்?" என்றான். அவனுக்கு நான் சொன்ன விடை 1840-ஆம் ஆண்டு வியன்னா நகரில் தொடங்குகிறது.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் பாரிசில் டாகுவேரின் ஒளிப்பட முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. அவருடைய காமிராவுக்குச் செவாலியே செய்து கொடுத்த லென்சின் துளை எண் ஏறத்தாழ 15. குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது இந்த எண். எண் பெரிதானால் உள்ளே நுழையும் ஒளி குறைவு. கட்டடங்கள் பல நிமிடங்கள் அசையாமல் நிற்கும். மனிதர் நிற்பாரா? கண் சிமிட்டாமல் வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பாரிசில் இம்முறையைக் கண்டு திரும்பிய எட்டிங்சவுசன் என்னும் இயற்பியலாளர், வியன்னாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வாலிடம் இந்தச் சிக்கலை எடுத்துச் சொன்னார். அதுவரை லென்சு செய்வோர் கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்து, சரியில்லையென்றால் மீண்டும் தேய்த்துப் பார்த்தே வேலை செய்தனர். பெட்ஸ்வாலோ காகிதத்தில் தொடங்கினார். ஒவ்வொரு ஒளிக்கதிரும் ஒவ்வொரு பரப்பிலும் எவ்வளவு வளையும் என்று கணக்கிட்டார். இது ஒருவரால் முடிகிற கணக்கன்று. பீரங்கிப் படைக்குத் தலைமை வகித்த இளவரசர் லுட்விக், குண்டு பாயும் வழியைக் கணித்துப் பழகிய படைவீரர் சிலரை அவருக்கு உதவியாக அனுப்பினார். குண்டுக்குப் படித்த கணக்கு முகத்துக்குப் பயன்பட்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

முன்னால் ஒட்டிய இரட்டை லென்சு, பின்னால் இடைவெளி விட்ட இரட்டை லென்சு. ஆக நான்கு கண்ணாடிகள். துளை எண் 3.6. பதினைந்தை 3.6-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 17 வரும். அதாவது 17 மடங்கு ஒளி! 1841-இல் வெளிவந்த ஃபோக்ட்லெண்டர் காமிராவில் இது பொருத்தப்பட்டது. அதே ஆண்டில் வியன்னாவின் நாட்டரர் சகோதரர்கள் தகட்டின் உணர்திறனையும் கூட்ட, படம் எடுக்கச் சில வினாடிகளே போதுமென்றாயிற்று.

படத்தின் ஓரங்கள் மங்கலாகவே விழுந்தன. பிம்பம் தட்டையாக அமையாமல் கிண்ணம்போல் வளைந்ததே காரணம். முகம் நடுவில் இருப்பதால் அது குறையாகத் தோன்றவில்லை.

குவியத் தொலைவு ஏறத்தாழ 150 மி.மீ.; வட்டப் படத்தின் விட்டம் 9 செ.மீ. தலையும் தோளுமாக 60 செ.மீ. உயரம் அந்த வட்டத்தில் அடங்க வேண்டுமானால், காமிரா ஏறத்தாழ 1.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மூக்கு நுனி காதைவிட 12 செ.மீ. முன்னால் இருப்பதாகக் கொள்வோம். அந்தத் தொலைவில் மூக்கு, காதோடு ஒப்பிட 10 விழுக்காடு மட்டுமே பெரிதாக விழும். ஒளிக்காக வகுத்த கணக்கு, முகத்துக்கும் நல்ல தொலைவைக் கொடுத்துவிட்டது.

பெட்ஸ்வாலுக்கு ஒரே தடவையாக 2,000 கில்டர் கிடைத்தது. ஃபோக்ட்லெண்டர் பெரும் பொருள் ஈட்டினார். இருவருக்கும் பகை மூண்டது. 1859-இல் பெட்ஸ்வாலின் வீட்டில் திருடர் புகுந்து கையெழுத்துப் படிகளைக் கொண்டுபோயினர். மனம் கசந்த அவர் 1891-இல் காலமானார். இன்றும் ஒளியியல் பாடத்தில் பிம்ப வளைவைக் குறிக்கும் கூட்டலுக்கு அவர் பெயர்தான்.

பின்னர் 35 மி.மீ. பிலிம் வந்தது. அதில் ஆள் படத்துக்கென லைட்ஸ் நிறுவனம் 1930-களில் 73 மி.மீ., 90 மி.மீ. லென்சுகளைச் செய்தது. 1935-இல் வந்த தம்பார், முகச் சுருக்கங்களை மறைப்பதற்காக வேண்டுமென்றே மென்மையாகப் படம் காட்டுவது! (அழகாகத் தோன்ற விரும்புவோர் எக்காலத்தும் உண்டு.) 1950-களில் நிக்கானின் 105 மி.மீ. புகழ் பெற்றது.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். அதே 60 செ.மீ. உயரம் பிலிமின் 36 மி.மீ. நீளத்தை நிறைக்க, 28 மி.மீ. லென்சுடன் அரை மீட்டரிலும், 50 உடன் 88 செ.மீ.யிலும், 85 உடன் ஒன்றரை மீட்டரிலும் நிற்க வேண்டும். மூக்கின் மிகை முறையே 24, 14, 8 விழுக்காடு. லென்சு முகத்தைத் தட்டையாக்குகிறது என்பார்கள்; அது தவறு. தொலைவுதான் காரணம்.

அவன் நம்பவில்லை. "உன் 28-ஐயே மாட்டிக்கொண்டு ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று என்னை எடு, நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பார்" என்றேன். எடுத்தான். படம் சற்றுப் புள்ளி புள்ளியாக இருந்தது. மூக்கு சரியாக இருந்தது. மாலையில் பேராசிரியரின் வீட்டு முகவரியை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.