மதீனாவின் வெள்ளிக்கிழமைக் கீரையும் நம் நோன்புக் கஞ்சியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், லுஹர் தொழுகைக்குப் பின், என்னிடம் ஓதிய மாணவன் ஒருவனின் தாயார் மத்ரஸாவுக்கு வந்தார். மகன் இப்போது சேலையூர்ப் பக்கம் கல்லூரியில் பயில்கிறான். அவர் கண் கலங்கிச் சொன்னது இது: “கறியை மட்டும்தான் விட்டான்னு நெனச்சேன் ஹஜ்ரத். இப்ப முட்டையும் வேணாங்கிறான், பாலும் வேணாங்கிறான், தேனைக்கூடத் தொடமாட்டேங்கிறான். ஏதோ வீகனாம். பெருநாளைக்குக் குர்பானிக் கறியும் சாப்பிடலேன்னா சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க? தீனை விட்டே போயிடுவானோன்னு பயமா இருக்கு.”

அன்று அவருக்குச் சுருக்கமாகவே மறுமொழி சொல்ல முடிந்தது. அதை விரித்து எழுதினால் வேறு சில இல்லங்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இக்கட்டுரை.

“வீகன்” என்னும் சொல் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. டொனால்டு வாட்சனும் அவருடைய நண்பர்கள் சிலரும் இறைச்சியோடு பால், முட்டை ஆகியவற்றையும் தவிர்ப்போருக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கியபோது அச்சொல்லை உருவாக்கினர். தமிழில் நனிசைவம் என்று இப்போது எழுதுகிறார்கள். சொல் புதியது. அந்தச் சொல்லைச் சூட்டாமலேயே அவ்வகை உணவை உண்டு வாழ்ந்தவர்கள் நம் வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறார்கள். அதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. மதீனாவில் ஒரு மூதாட்டி இருந்தார். தம் தோட்டத்து வாய்க்கால் ஓரத்தில் ‘ஸில்க்’ என்னும் கீரையை வளர்த்துவந்தார். அது பீட்ரூட்டின் இனத்தைச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் அதனை வேரோடு பிடுங்கிப் பானையில் இட்டு, அரைத்த வாற்கோதுமையை ஒரு பிடி தூவிக் காய்ச்சுவார். ஜும்ஆ தொழுதுவிட்டுத் திரும்பும் ஸஹாபாக்கள் அவர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்வார்கள். அவர் அக்கூழைப் பரிமாறுவார். அதில் கொழுப்போ நெய்யோ இருந்ததில்லை என்றும், கீரையின் தண்டே இறைச்சிக்கு ஈடாக இருந்தது என்றும், அதற்காகவே வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருந்தோம் என்றும் ஸஹ்ல் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள்.

இந்த அறிவிப்பை மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போதெல்லாம் என் மனம் தாம்பரத்து ஜி.எஸ்.டி. சாலைக்குப் போய்விடும். நமக்கும் வெள்ளிக்கிழமை உண்டு. குத்பா முடிவதற்குள் பிரியாணிக் கடையில் சொல்லி வைத்துவிட்டு வரும் வெள்ளிக்கிழமை! பிரியாணியைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஜும்ஆவின் உணவு எது என்று ஒரு ஸஹாபியிடம் கேட்டிருந்தால், அவர் அந்த மூதாட்டியின் கீரைக்கூழைச் சொல்லியிருக்கக்கூடும்.

அண்ணலார் (ஸல்) அவர்களின் இல்லத்து நிலையும் இதுவே. இரண்டு மாதங்களில் மூன்று பிறைகள் தோன்றி மறையும்வரை அடுப்பெரியாமல், பேரீச்சையும் தண்ணீருமாகவே நாள்கள் கழிந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரி மகன் உர்வாவிடம் கூறினார்கள். அண்டை வீட்டு அன்ஸாரிகள் சில வேளைகளில் பால் அனுப்பியதையும் அதே அறிவிப்பில் சொல்கிறார்கள். தையற்காரர் ஒருவரின் விருந்தில் சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட ஆனம் வைக்கப்பட்டபோது, அண்ணலார் தட்டின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடி எடுத்து உண்டதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்றிலிருந்து சுரைக்காயை நேசித்தார்கள். நம் பிள்ளைகள் தட்டில் எதைத் தேடி எடுக்கிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணலார் (ஸல்) இறைச்சி உண்டார்கள். ஆட்டின் முன்னங்கால் சதையை விரும்பினார்கள். இதை மறைத்துவிட்டுத் தாவர உணவுக்கு வக்காலத்து வாங்குவது நேர்மையாகாது. ஆனால் நாள்தோறும் இறைச்சி என்பது அந்தச் சமுதாயத்தின் வழக்கமாக இருக்கவில்லை. ஜாபிர் (ரலி) அவர்கள் இறைச்சி வாங்கிச் செல்வதைக் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அண்டை வீட்டாருக்காகவும் உறவினருக்காகவும் தம் வயிற்றைச் சற்று ஒடுக்கிக்கொள்ளக் கூடாதா எனக் கேட்டதாக இமாம் மாலிக்கின் முவத்தா பதிவு செய்கிறது. இறைச்சிக்கு மதுவைப் போன்றதொரு பழக்க ஈர்ப்பு உண்டு என்று அவர்கள் எச்சரித்ததும் அந்நூலிலேயே உள்ளது.

சரி, முற்றிலும் விட்டுவிடலாமா? இங்குதான் கவனம் வேண்டும். மனிதர்கள் சிலர் இனி மணமுடிக்க மாட்டோம், இறைச்சி உண்ண மாட்டோம், படுக்கையில் உறங்க மாட்டோம் என்று உறுதி பூண்டதைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை; முஸ்லிமில் இது வருகிறது. அல்லாஹ் ஆகுமாக்கிய தூய பொருள்களைத் தடை செய்துகொள்ளாதீர் என்பது அல்மாயிதாவின் 87ஆம் வசனத்தின் கருத்து. அத்தஹ்ரீம் அத்தியாயத்தின் முதல் வசனமோ, நபிகளார் தேனைத் தம்மீது விலக்கிக்கொண்ட நிகழ்ச்சியை ஒட்டி இறங்கியதாக அறிவிப்பு உள்ளது. அதே வேளையில், உடும்புக் கறி பரிமாறப்பட்டபோது, தம் ஊரில் உண்ணும் வழக்கம் இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று அண்ணலார் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) கேட்டார்கள், இல்லை என்றார்கள். காலித் அதை அருகிழுத்து உண்டார்கள். ஒருவர் உண்ண, ஒருவர் உண்ணாதிருக்க, இடையில் ஒரு சண்டையும் இல்லை. “எனக்கு வேண்டாம்” என்பது வேறு. “இது ஆகாது” என்பது வேறு. அந்தத் தாயாரிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். குர்பானி கொடுக்க வசதியுள்ளவன் கொடுக்கட்டும். அதன் இறைச்சியை உண்பது விரும்பத்தக்கது என்பதே பெரும்பாலான இமாம்களின் நிலை, கட்டாயம் என்பதன்று. அவன் பங்கை ஏழைகள் உண்ணட்டும்.

இந்தக் கோட்டைத் தாண்டியவராகக் கருதப்பட்ட ஒருவரும் நம் இலக்கிய வரலாற்றில் இருக்கிறார். சிரியாவின் மஅர்ரத்துந் நுஃமான் ஊரில் 973இல் பிறந்த அபுல் அலா அல்மஅர்ரீ. சிறுவயதில் பெரியம்மை கண்டு பார்வையிழந்தவர். அரபுக் கவிதையின் சிகரங்களுள் ஒருவர். பக்தாதிலிருந்து திரும்பியபின் தம் இல்லத்தைவிட்டு அதிகம் வெளியேறாமல், இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் அனைத்தையும் துறந்து பருப்பும் அத்திப்பழமுமாக வாழ்ந்தார். 1057இல் இறக்கும்வரை அப்படியே. ஃபாத்திமிய அரசின் தலைமைப் பிரசாரகர் அல்முஅய்யத் அஷ்ஷீராஸீ, காரணம் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். உயிர்களின் வேதனையைப் பற்றி எழுதிய அல்மஅர்ரீ, தம் ஆண்டு வருமானம் இருபது சொச்சம் தீனார்தான் என்றும், அதிலும் ஒரு பகுதி பணியாளருக்குப் போய்விடுகிறது என்றும் மறுமொழி அனுப்பினார். நல்ல உணவுக்கு மானியம் ஏற்பாடு செய்வதாக மற்றவர் முன்வந்தபோது அதை ஏற்கவில்லை. அவருடைய கொள்கைகளில் நான் உடன்படாதவை உண்டு. அவரை வழிகாட்டியாகவும் முன்வைக்கவில்லை. ஆனால் வீகன் என்பதை மேற்கத்திய மோகம் என்று ஒரே வரியில் ஒதுக்குவோர், இங்கிலாந்தில் அச்சொல் பிறப்பதற்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓர் அரபுக் கவிஞரின் தட்டில் அது இருந்ததை அறிந்துகொள்வது நல்லது.

நமக்கு இன்னும் நெருக்கமான நிகழ்ச்சி தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 1910இல் ஜோஹன்னஸ்பர்க் நகருக்கு இருபத்தொரு மைல் தொலைவில், ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் வாங்கித் தந்த ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றோரின் குடும்பங்கள் அங்கே தங்கின. அப்போராட்டத்தில் தமிழர் மிகுதி. பண்ணையிலும் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பார்சிகளும் இருந்தனர். ஒரே அடுக்களை, தாவர உணவு. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கேட்டால் இறைச்சிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று காந்தியடிகள் எண்ணியிருந்தார். அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். வெண்ணெய்க்குப் பதிலாக நிலக்கடலையை வறுத்து அரைத்துப் பயன்படுத்தினர். தோட்டத்து ஆரஞ்சில் பழப்பாகு செய்தனர்.

ரமளான் வந்தது. முஸ்லிம் இளைஞர்களை நோன்பு நோற்குமாறு காந்தியடிகள் ஊக்கினார். இந்து, பார்சி இளைஞர்களும் துணைக்குப் பட்டினி இருந்தனர். முஸ்லிம்கள் மஃரிப் வரை காத்திருக்க, மற்றவர்கள் அதற்கு முன்பே உண்டுவிட்டு, நோன்பாளிகளுக்கு எளிய பலகாரங்கள் செய்து பரிமாறினர். இறைச்சியில்லா ரமளான் முஸ்லிம்களுக்குக் குறையாக இருந்திருக்கக்கூடும். ஆயினும் ஒருவரும் அதை வெளிக்காட்டவில்லை, மகிழ்ந்தே உண்டனர் என்று தம் சுயசரிதையில் அவர் நன்றியோடு எழுதியுள்ளார். 1912இல் அதே பண்ணையில்தான் காலன்பாக்கும் அவரும் பாலையும் கைவிட்டனர்.

அந்தக் காட்சியின் சாயலை நம் சென்னையிலேயே காணலாம். 1795இல் கட்டப்பட்ட திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில், ரமளான் மாலைகளில் நோன்பாளிகளுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையினர் உணவு பரிமாறுகின்றனர். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிவைத்த பணி அது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கிறது. பரிமாறுவோர் பெரும்பாலும் சிந்தி இந்துக்கள். உணவு முற்றிலும் மரக்கறி. தலையில் தொப்பியணிந்து அவர்கள் வரிசையாக வாளியேந்தி வருவதைப் பார்த்தவர் எவரும் அங்கே கறி இல்லையே என்று முகம் சுளித்ததாக நான் அறியேன்.

நம் இல்லங்களுக்கு வருவோம். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியபின் இப்பகுதி சிறுகச் சிறுக நகரத்தோடு ஒட்டியது. பின்னர்ப் பல மாவட்டங்களிலிருந்தும் நம் மக்கள் வந்து குடியேறினர். நானும் அப்படி வந்தவனே. எங்கள் ஊரில் குழம்பை ஆனம் என்போம். என் சிறுபிராயத்தில் வாரம் ஒருநாள் கால் கிலோ கறி வரும்; எட்டுப் பேருக்கு அது எட்டுவதற்காக உம்மா உருளைக்கிழங்கையும் முருங்கைக்காயையும் சேர்ப்பார். மற்ற நாள்களில் பருப்பாணம், கீரை, துவையல். எப்போதாவது மீன். பிராய்லர் கோழி மலிந்த பிறகே அடுப்பில் நாளும் கறி மணக்கத் தொடங்கியது. பாலும் அவ்வாறே. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சிக்குப் பின்னரே அது எல்லா வீட்டுக்கும் பாக்கெட்டாக வந்தது. அதற்கு முன் பல வீடுகளில் கருப்பட்டி இட்ட வரக்காப்பிதான்.

நம் சமையலில் பாலின் இடத்தை வகித்தது தேங்காய்ப்பால். பசியாறுவதற்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். பச்சரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டும் கீழக்கரைத் தொதல், கடல் வணிகத்தோடு மலாய்த் தீவுகளிலிருந்து வந்த பலகாரம். அதில் பாலும் முட்டையும் கிடையாது. எள்ளுருண்டை, கடலை உருண்டை, சுண்டல், கோடையில் சாலையோர நுங்கு, கம்பங்கூழோடு சின்ன வெங்காயம் என்று எண்ணத் தொடங்கினால் அந்த மாணவனுக்கு ஒரு மாதத்துக்கு உணவு நம் பாட்டிமாரின் நினைவிலேயே கிடைக்கும். விலையுயர்ந்த ‘வீகன்’ பொட்டலங்கள் எதற்கு? ஒன்றை மட்டும் அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பி12 உயிர்ச்சத்து தாவர உணவில் போதிய அளவு கிடைக்காது. மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். உடலும் அமானிதம்தான்.

நோன்புக் கஞ்சிக்கு வருகிறேன். தமிழகப் பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கென அரிசி வழங்கும் அரசுத் திட்டம் 2001இல் வந்தது. ஆனால் கஞ்சி அதற்கு வெகு முந்தியது. நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, பட்டை, கிராம்பு, புதினா, மல்லி, இறுதியில் தேங்காய்ப்பால். நாள் முழுதும் வெறுமையாய்க் கிடந்த குடலுக்கு இதைவிட இதமானது எனக்குத் தெரிந்து இல்லை. வசதியுள்ள மஹல்லாக்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டால் அது முழுத் தாவர உணவு.

எங்கள் மஹல்லாவில் கறிக்கஞ்சிதான் வழக்கம். இந்த ரமளானில் கறி சேர்க்காத அண்டா ஒன்றையும் வைக்கலாமே என்று கேட்டேன். நிர்வாகிகளில் இருவர் முணுமுணுத்தனர், பிறகு ஒப்பினர். அஸர் தொழுதுவிட்டு வந்தால், தூக்குவாளியோடு நிற்கும் வரிசையில் பக்கத்துத் தெரு இந்துப் பெண்கள் சிலரும், எண்ணெய்யும் கறியும் ஆகாதென்று மருத்துவர் விலக்கிய நம் முதியவர்களும் அந்த அண்டாவைத்தான் கேட்டார்கள். துடுப்பைப் பிடித்தவன் அந்த மாணவன். அவன் தாயார் முதல் வாரம் முழுவதும் கறிக்கஞ்சி வரிசையிலேயே நின்றார். இரண்டாம் வாரத்தில் இரண்டு தூக்குகள் கொண்டுவந்தார். முதல் நாள் அவன் அடுப்பு எரியும்போதே தேங்காய்ப்பாலை ஊற்றிவிட, நாற்பது ஆண்டுகளாகக் கஞ்சி காய்ச்சும் பெரியவர், “இறக்கி வச்சிட்டு ஊத்துடா, திரிஞ்சு போயிடும்” என்று அவன் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார்.